கேன்சரில் துணையை இழந்தவர்கள் கேட்பவை: நோய் செய்தது எது, கவனிப்பில் தவறியது எது

என் மனைவி சினைப்பைக் கேன்சரில் இறந்தாள். கண்டுபிடித்த நாளிலிருந்து 22 மாதம் இருந்தாள். அதில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் போனது. நல்ல மனிதர்களையும் அங்கே பார்த்தோம். ஆனால் அவள் பட்ட கஷ்டத்தில் ஒரு பங்கு நோயால் வந்ததல்ல, கவனிப்பு சரியில்லாததால் வந்தது. இதே பாதையில் வந்தவர்களோடு பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவ விஷயமாக இங்கே எழுதியிருப்பவற்றைப் பிற்பாடு டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டேன்.

என் கணவர் கேன்சரால் இறந்தாரா, ஆஸ்பத்திரியால் இறந்தாரா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் மற்றவர்கள் எழுந்து போன பிறகு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நானும் மாதக்கணக்கில் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். சுற்றி இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடிக்கப் பார்ப்பார்கள். ஒருவர் "விதி, யார் என்ன செய்ய முடியும்" என்பார். இன்னொருவர் "கொன்னுட்டாங்க" என்பார். இரண்டு பதிலையும் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

ஒருநாள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் நோய் செய்ததை எழுதினேன்: மூன்றாம் கட்டத்தில் தெரியவந்தது, முதல் சுற்றுக் கீமோவுக்கு அடங்கி ஓராண்டுக்குள் திரும்பி வந்தது, குடலை அடைத்தது. வலப்பக்கம் கவனிப்பில் தவறியதை எழுதினேன்: காய்ச்சலோடு போன இரவில் நாலரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தது, கடைசி வாரத்தில் வலி ஊசி நேரத்துக்கு வராதது, நாள் நெருங்கிவிட்டது என்று யாரும் சொல்லாதது. வலப்பக்கம் எழுதிய எதுவும் நடக்காமல் இருந்திருந்தாலும் அவள் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். ஆனால் அவளுடைய கடைசி மூன்று மாதம் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த மூன்று மாதத்தைப் பற்றிக் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. அவள் இறந்ததற்கு அழுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்த பிறகுதான் இரண்டையும் என்னால் செய்ய முடிந்தது.

எல்லோருக்கும் கோடு இப்படித் தெளிவாக விழாது. சிலருக்கு வலப்பக்கமே மரணத்துக்குக் காரணமாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் கேஸ் ஷீட் வாங்குவது பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

நான் கொஞ்சம் முன்னாலேயே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா?

எங்கள் விஷயத்தில் வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் போவது, இடுப்பில் ஒரு கனம். அவ்வளவுதான். ஐந்து மாதம் வாயுத் தொல்லை என்று மாத்திரை சாப்பிட்டாள். சினைப்பைக் கேன்சர் பெரும்பாலான பெண்களுக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவருகிறது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்தால் பலன் உண்டா என்று பெரிய ஆய்வு நடந்தது. அப்படிச் செய்தும் இந்த நோயால் ஏற்படும் மரணம் குறையவில்லை என்று 2021இல் முடிவு வந்தது. எந்த அறிகுறியும் இல்லாதவர்களைத் தேடிப் பிடித்த ஆய்வு அது. அறிகுறி இருப்பவர் காத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் இந்த நோய் எவ்வளவு ஒளிந்து வளர்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. சமையலறையில் நின்றபடி அவள் சொன்ன ஒரு வார்த்தையைக் கவனிக்கவில்லையே என்று நான் என்னையே அடித்துக்கொண்டது நியாயமில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

ஒரே அறிகுறியோடு மூன்று நான்கு முறை போயும் ஒருவரும் தொட்டுப் பார்க்காமல் அனுப்பினார்கள் என்றால் அது வேறு கதை. அதை வலப்பக்கம் எழுதுங்கள்.

கீமோ முடிந்து வீட்டில் இருக்கும்போது காய்ச்சல். காலையில் பார்க்கலாம் என்று விட்டோம். தப்பா?

சிகிச்சையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கீமோ கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. 38 டிகிரி செல்சியஸ், அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4, அதைத் தொட்டாலே உடனே கிளம்ப வேண்டும், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் சரி. போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும் என்பது பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டல்களில் இருக்கும் விஷயம். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிளம்பும் முன் காய்ச்சல் மாத்திரை போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கேசுவால்டியில் "இப்ப ஒண்ணும் இல்லையே" என்பார்கள். அதனால் டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போடாதீர்கள்.

எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தோன்றியது. இரவு 10.40க்கு 38.6 என்று பார்த்துவிட்டு "கிளம்பலாம்" என்றாள். 11.20க்கு கேசுவால்டியில் இருந்தோம். கீமோ எடுப்பவர் என்று மூன்று பேரிடம் சொன்னேன். ஆன்டிபயாடிக் ஏறும்போது மணி 3.50. ஐசியூவில் ஆறு நாள் இருந்து பிழைத்து வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு கீமோவைத் தாங்கும் தெம்பு அவளுக்குத் திரும்பவே இல்லை.

நீங்கள் காலை வரை காத்திருந்தீர்கள் என்றால், முதல் ஊசியின்போதே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்வது அவர்கள் வேலை. சொல்லாததை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வழியில்லை.

"கேன்சர்னா வலி இருக்கத்தானே செய்யும்" என்றார்கள். உண்மையா?

இல்லை. இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரைத் துடிக்க வைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேன்சர் வலியைப் படிப்படியாக எந்த மருந்துகளால் அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழிமுறை வெளியிட்டது. அதன் அடிப்படை எளிது. வலி வந்த பிறகு கெஞ்சி வாங்குவது வைத்தியமில்லை. கடிகாரத்தைப் பார்த்து, முந்தைய மருந்தின் வேகம் தீரும் முன் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். இடையில் திடீரென்று வலி கிளம்பினால் கொடுக்க ஒரு கூடுதல் அளவையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலானவர்களின் வலியை இந்த வழியில் அடக்கிவிட முடியும். மீதிப் பேருக்கு நரம்பைத் தடுக்கும் ஊசி, கதிர்வீச்சு என்று மற்ற வழிகள் இருக்கின்றன.

என் மனைவிக்கு வார்டில் எழுதியிருந்தது "தேவைப்பட்டால் மார்ஃபின்". தேவைப்பட்டால் என்றால், அவள் வலிக்கிறது என்று சொல்லி, நான் நர்ஸைத் தேடிப் போய், நர்ஸ் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம் என்று விசாரித்து, அப்புறம்தான் ஊசி. டூட்டி மாறும் நேரமாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம். மார்ஃபினைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், அதில் குறை சொல்லவில்லை. நேரப்படி எழுதியிருந்தால் இத்தனை ஓட்டமும் வேண்டியிருந்திருக்காது. அந்த ஒரு வரி மாற்றத்துக்குப் பணம் செலவில்லை, புது இயந்திரம் தேவையில்லை.

இறக்கும் நிலையில் இருப்பவர்களைக் கவனிக்கும் இல்லத்தை ஹாஸ்பிஸ் என்பார்கள். லண்டனில் 1967இல் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக வேலை பார்த்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். உடல் வலியோடு பயம், பணக் கவலை, பிள்ளைகளைப் பற்றிய ஏக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்று சொன்னவர் அவர். நேரத்துக்கு மருந்து என்பதை அவர் எப்போதோ செய்து காட்டிவிட்டார். அப்படியும் ஆதரவுச் சிகிச்சை, அதாவது வலியையும் தவிப்பையும் குறைத்து நோயாளியையும் குடும்பத்தையும் தாங்கும் சிகிச்சை, தேவைப்படுகிறவர்கள் உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேர், அது கிடைப்பது அவர்களில் 14 சதவீதம் பேருக்கு மட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மார்ஃபின் போட்டதால்தான் சீக்கிரம் போய்விட்டாரா? நான்தானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

வலியின் அளவைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் மரணத்தை முன்னால் இழுப்பதில்லை. கடைசி ஊசிக்கு ஒரு மணி நேரம் கழித்து மூச்சு நின்றது என்றால், இறக்கும் நிலையில் இருந்தவருக்குத்தான் அந்த ஊசி போடப்பட்டது என்று அர்த்தம். வலியில்லாமல் அவர் இருந்த கடைசி மணி நேரம் நீங்கள் வாங்கிக் கொடுத்தது.

மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் கிட்டத்தட்ட நிச்சயம் வரும், அதற்கு மருந்து முதல் நாளிலிருந்தே சேர்த்து எழுத வேண்டும். இதை மறந்துவிட்டு நோயாளியைத் தவிக்க விடுவது அடிக்கடி நடக்கிறது.

கடைசி நாட்களில் அவர் எதுவும் சாப்பிடவில்லை. டிரிப்ஸையும் நிறுத்தினார்கள். பட்டினி போட்டுவிட்டோமா?

உடல் மூடிக்கொண்டு வரும்போது பசியும் தாகமும் தானாகவே அடங்கிவிடுகின்றன. அந்த நிலையில் ஏற்றும் திரவத்தை உடலால் பயன்படுத்த முடியாமல் கால் வீங்கலாம், நுரையீரலில் நீர் சேரலாம். வாய் உலர்வதுதான் பெரிய தொந்தரவு. ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைப்பது எந்த பாட்டிலையும் விட அவருக்கு ஆறுதல்.

நான் ஆதங்கப்படுவது வேறு ஒன்றுக்கு. டிரிப்ஸைக் கழற்ற வந்தவர் கழற்றிவிட்டுப் போனார். ஏன் என்று ஒரு நிமிடம் நின்று சொல்லவில்லை. கைவிட்டுவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாளோ என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

தொண்டையில் கரகரவென்று சத்தம், மூச்சு நின்று நின்று வந்தது. மூச்சுத் திணறி இறந்தாரா?

இறக்கும் நேரத்தில் எச்சிலை விழுங்கும் சக்தி போய்விடும், அது தொண்டையில் தங்கி மூச்சுக்கு ஏற்பச் சத்தம் போடும். நினைவு மங்கிய நிலையில் இருப்பவர் அதை உணர்வதில்லை என்கிறார்கள் ஆதரவுச் சிகிச்சை டாக்டர்கள். பக்கவாட்டில் படுக்க வைத்தாலே குறையும், மருந்தும் உண்டு. மூச்சு வேகமாகி, மெலிந்து, நின்று, மறுபடி தொடங்குவது 19ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு டாக்டர்கள் எழுதிவைத்த ஒன்று, அவர்கள் பெயராலேயே செய்ன்–ஸ்டோக்ஸ் மூச்சு என்கிறார்கள். இதெல்லாம் நடக்கும் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் நர்ஸைத் தேடி வராந்தாவில் ஓடிக்கொண்டிருக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர் போகும்போது நான் பக்கத்தில் இல்லை.

இதைக் கேள்வியாக யாரும் கேட்பதில்லை, சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பல நாள் கண் விழித்துக் காத்திருந்து, முகம் கழுவப் போன ஐந்து நிமிடத்தில் போய்விட்டார் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதற்கு முன் நீங்கள் பேசியது வீண் போகவில்லை. கனடாவில் ஒரு ஹாஸ்பிஸில், இறக்கும் தறுவாயில் அசைவில்லாமல் கிடந்தவர்களின் மூளையில் ஒலிக்கு என்ன நடக்கிறது என்று பதிவு செய்து பார்த்தார்கள். ஒலிகளுக்கு மூளை இன்னும் பதில் தருவது சிலரிடம் தெரிந்ததாக 2020இல் வெளியிட்டார்கள். புரிந்துகொண்டார்களா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"இனி சிகிச்சை பலன் தராது" என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்போமே?

இதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. எங்களுக்கும் இதுதான் நடந்தது. இறப்பதற்கு எட்டு நாள் முன்பு கூட அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். அவள் அந்தத் தேதியைக் காலண்டரில் குறிக்கச் சொன்னாள்.

ஆதரவுச் சிகிச்சையைப் பற்றிப் பேசினால் நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார், குடும்பம் உடைந்துவிடும் என்று டாக்டர்கள் தள்ளிப்போடுகிறார்கள். நடப்பது வேறு. முற்றிய நுரையீரல் கேன்சர் நோயாளிகள் 151 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது, 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆதரவுச் சிகிச்சையும் ஆரம்பத்திலேயே கிடைத்தவர்கள் மனச்சோர்வு குறைவாக, நிம்மதியாக இருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் அவர்களுக்குக் கீமோ முதலான கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே கொடுக்கப்பட்டன. அப்படியும் அவர்கள் இருந்த காலம் சராசரியாக 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். உண்மையைச் சொல்லிக் கூட நின்றால் நோயாளி சீக்கிரம் போய்விடுவார் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, என்ன நடந்தது, யார் சொன்னார்கள், என்ன மருந்து என்று எழுதுங்கள். தவறு பிடிப்பதற்காக அல்ல. டூட்டி மாறி மாறி வரும் ஆட்களுக்கு நடுவில் முழுக் கதையும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

"வலிக்கிறது" என்று சொல்வதோடு நிறுத்தாமல் 0 முதல் 10 வரை எத்தனை என்று நோயாளியையே கேட்டு, அந்த எண்ணைச் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதுகின் அடியும் குதிகாலும் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தினால் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. ஆதரவுச் சிகிச்சைக் குழு இருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள், அவர்களாகச் சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். அப்புறம், டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி: "இன்னும் ஆறு மாதத்தில் இவர் நம்மோடு இல்லாமல் போனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?" டாக்டர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளப் பழக்கப்பட்ட கேள்விதான் இது. நேராகக் கேட்டால் பலரும் நேராகவே பதில் சொல்கிறார்கள்.

குரல் உயர்த்தினால் நோயாளியைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது, அதனால் பல இடங்களில் வாயை மூடிக்கொண்டேன். மெதுவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

புகார் கொடுக்கலாமா? இனி என்ன ஆகப்போகிறது என்கிறார்கள் வீட்டில்.

கொடுக்கலாம். முதலில் கேஸ் ஷீட்டின் முழு நகலைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் தந்து அனுப்பப் பார்ப்பார்கள், அது கதைச் சுருக்கம். உங்களுக்கு வேண்டியவை நர்ஸ் குறிப்புகள், மருந்து கொடுத்த நேரப் பட்டியல், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஐசியூ சார்ட். எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு ரசீது வாங்குங்கள். புகாருக்கும் வழக்குக்கும் காலக்கெடு உண்டு, அது இடத்துக்கு இடம் மாறும். அழுகை ஓயட்டும் என்று புகாரைத் தள்ளினாலும் நகல் வாங்குவதைத் தள்ளாதீர்கள்.

புகாரில் நடந்ததை மணிவாரியாக எழுதுங்கள். "அலட்சியம்", "கொலை" என்ற சொற்களை நீங்கள் எழுத வேண்டியதில்லை, நேரங்களே சொல்லிவிடும். கடைசியில் கேள்வியாக முடியுங்கள்: 11.20க்கு வந்தவருக்கு 3.50 வரை ஏன் மருந்து தரப்படவில்லை? ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு வாசல். தனிப்பட்ட டாக்டரின் நடத்தை என்றால் மருத்துவ கவுன்சில், இழப்பீடு என்றால் நீதிமன்றம். நஷ்டஈட்டுக்காகப் போவது பேராசை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சம்பாதித்தவர் போன வீட்டுக்கு அது தேவை. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அத்தனை காலமும் அந்த இரவையே திரும்பத் திரும்ப வாழ வேண்டியிருக்கும். நான் போகவில்லை. போனவர்களை மதிக்கிறேன்.

புகாருக்கு வந்த பதிலில் திருப்தி இல்லையே?

முதல் பதில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். எனக்கு வந்த கடிதத்தில் "உரிய நேரத்தில் உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று இருந்தது. கேஸ் ஷீட்டில் ஆன்டிபயாடிக் 1.15க்குக் கொடுத்ததாக எழுதியிருந்தது. என் நோட்டில் 3.50. நேரில் பேச நேரம் கேட்டேன். உட்கார்ந்து பேசியபோது மருந்தகத்திலிருந்து மருந்து எப்போது வெளியே போனது என்ற பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். அதில் 3.35 என்றிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இது நடந்திருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்" என்றார். கீமோ எடுப்பவர்களுக்குக் கேசுவால்டியில் காட்ட ஒரு அட்டை கொடுக்கப்போவதாக இரண்டு மாதம் கழித்து எழுதினார்கள்.

இந்தக் கோபமும் அழுகையும் எவ்வளவு நாள் இருக்கும்? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?

துக்கம் ஐந்து படிகளாக வரும் என்று சொல்வார்கள், அதை வைத்து உங்களை அளக்காதீர்கள். 1969இல் அது சொல்லப்பட்டது, தாங்களே இறக்கப்போகும் நோயாளிகளிடம் பேசியதை வைத்து. இருப்பவர்களின் துக்கத்துக்கு அப்படி வரிசை எதுவும் கிடையாது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு நாளில் சானிடைசர் வாசனை பட்டு நான் நடுவழியில் நின்றிருக்கிறேன்.

உடம்பையும் பாருங்கள். துணையை இழந்த முதல் மாதங்களில் இருப்பவருக்கே ஆபத்து கூடுகிறது. கடும் துக்கத்தில் இதயத்தின் ஒரு பகுதி உப்பி, மாரடைப்பு மாதிரியே வலி வருவதை ஜப்பானிய டாக்டர்கள் 1990இல் விவரித்தார்கள். நெஞ்சு வலி என்றால் மனவருத்தம் என்று விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் தினசரி வேலை எதையும் தொட முடியாத ஏக்கம் நீடித்தால் அதை நீடித்த துக்க நோய் என்று இப்போது மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, சிகிச்சை இருக்கிறது. சாக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

மோசமான கவனிப்பைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத் துக்கத்தோடு பயமும் ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் கை நடுங்குவது, மானிட்டர் சத்தம் கனவில் வருவது. இதை மனநல டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், இது வேறு, வைத்தியமும் வேறு.

அந்த நோட்டை என்ன செய்தீர்கள்?

வைத்திருக்கிறேன். முதல் நூறு பக்கம் அவள் கையெழுத்து, நோட்டு போட்டதே அவள்தான். மருந்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் அவை எப்படிக் கசந்தன என்று எழுதியிருப்பாள். காய்ச்சல் வந்த இரவின் பக்கத்தில் "10.40 — 38.6" என்பது அவள் எழுத்து. அதற்குக் கீழே "11.20 வந்தாச்சு" என்பதும் அவளுடையது, கொஞ்சம் கோணலாக. அடுத்த வரியிலிருந்து என் எழுத்து. புகாரோடு இணைத்தது அந்தப் பக்கத்தின் நகல். அசலைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை.